கல் நகர்ந்த பிறகு

இன்று காலை பக்கத்து நிலத்தில் கரும்புச் சோகையைக் கொளுத்தினார்கள். புகை சன்னல் வழியாக வந்ததும் மருமகள் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்தினாள். நானோ எழுந்து வாசற்கதவை அகலத் திறந்து வைத்தேன். காய்ந்த இலை எரியும் வாசனை வந்தால், வெளியே போக வழி இருக்கிறதா என்று பார்க்காமல் என்னால் உட்கார முடியாது. ஏனென்று தெரிந்த ஒரே ஆள் நீதான். நீயும் போன ஐப்பசியில் போய்விட்டாய்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே மலையடியில் நம் ஊர். மாசி பிறந்தால் காட்டு இலாகாவில் பயர்லைன் வேலைக்கு ஆள் எடுப்பார்கள். தீ ஒரு சரிவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதபடி புல்லையும் புதரையும் வெட்டி, சருகைப் பெருக்கி, வண்டிப்பாதை அகலத்துக்கு வெறுந்தரை விட வேண்டும். ஆண்பிள்ளைகள் வெட்டுவார்கள், நாம் பெருக்குவோம். கல்யாணமாகாத நாம் இருவரும் வீட்டை விட்டு வெளியே போவதற்கு இருந்த சாக்கு அது ஒன்றுதான். முதல் மழையோடு அதுவும் முடிந்துவிடும்.

நம் கடைசிக் கோடையில், எந்த ஊர் எந்த ராஜ்ஜியத்துக்கு என்பதுதான் மலையில் எல்லாருக்கும் பேச்சு. திருத்தணி மதராஸுக்குப் போகிறது, நாம் ஆந்திராவிலேயே இருக்கப்போகிறோம் என்றார்கள். உனக்கு அதைக் கேட்டாலே முகம் வாடும். திருத்தணிப் பக்கத்தில்தான் உன்னைப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், நிலபுலன் உள்ளவர், உன்னைவிட ரொம்ப மூத்தவர். வைகாசியில் முகூர்த்தம்.

"அந்த ஊட்டுப் பொம்பளைங்க கெணத்துக்குக்கூட வெளிய போவ மாட்டாங்களாம்டி மங்கா. கெணறே ஊட்டுக்குள்ள கீதாம். நைனா அத்தப் பெருமையா சொல்லிக்கினு திரியறாரு" என்றாய். சொல்லிவிட்டு, கோபத்தையெல்லாம் சருகின்மேல் காட்டிப் பெருக்கினாய்.

அன்று காட்டு இலாகா கார்டு நம் இருவரையும் மலை இடுக்கு ஒன்றுக்கு அனுப்பினார். வறண்ட ஓடை, இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. நீ முன்னால் ஏறினாய். கால் வைத்த கல் பெயர்ந்தது. அதற்கு மேலிருந்த பெரிய பாறையும் சேர்ந்து சரிந்தது. தூசி அடங்கியபோது நீ மல்லாந்து கிடந்தாய். முழங்காலுக்குக் கீழே கால் பாறைக்கடியில் இருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. ஆள் கூட்டிவர ஓடலாமென்று திரும்பியபோதுதான் கீழேயிருந்து புகை வந்தது. ஓடையின் வாயில் தீ நின்றது. மேலே ஏறினால் நான் மட்டும் தப்பிக்கலாம்.

"நீ போடி" என்றாய். நான் போகவில்லை. போக மனசில்லையா, கால் வரவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் மரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு நீயே அதட்டினாய்.

"இன்னாடி பாத்துக்கினு கீற? பெருக்கு! என்னைச் சுத்திப் பெருக்கு! தீ துன்றதுக்கு ஒரு எலகூட இருக்கக் கூடாது!"

பெருக்கினேன். துடைப்பம் உதிர்ந்துபோனதும் கையால் வாரி எறிந்தேன். நீ படுத்த வாக்கில் கைக்கெட்டிய புல்லையெல்லாம் பிடுங்கினாய். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் முந்தானையை நனைத்து இருவர் தலையையும் மூடிக்கொண்டேன். தீ வந்தது. இரண்டு பக்கமும் பிரிந்து, பாறைகளை உரசிக்கொண்டு மேலே போனது. அந்த ஈரத்துணிக்குள் நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னது, தீயைவிட என்னைப் பயமுறுத்தியது.

"இந்தக் கல்லு நவுந்தா மட்டும் நான் எங்கடி போவப் போறேன்? அந்த ஊட்டுக்குத்தான?"

பொழுது சாயும் நேரத்தில் கார்டும் நம் ஊர்ப் பையன்களும் சாம்பலை மிதித்துக்கொண்டு வந்தார்கள். "பயபடொத்தம்மா, பயபடொத்து" என்று தெலுங்கில் தைரியம் சொல்லிக்கொண்டே கார்டு கடப்பாறையைப் பாறைக்கடியில் கொடுத்து நெம்பினார். கயிற்றுக் கட்டிலில் உன்னைக் கீழே இறக்கி, மாட்டுவண்டியில் புத்தூருக்குக் கொண்டுபோனோம். கட்டுப் போடுகிறவர் எலும்பை நேராக்கி, பச்சிலை வைத்து, மூங்கில் பத்தைகளை அடுக்கி இறுக்கிக் கட்டினார். "அசையாம படுத்துக்கினா பழைய கால் வந்துடும். கட்டு பிரிக்கிற வரைக்கும் தரையில ஊனவே கூடாது" என்றார். உன் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முகூர்த்தத்தைத் தள்ளிப் போட மாப்பிள்ளை வீட்டாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அங்கே உனக்குத் துணையாக என்னைத்தான் விட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த வேளையில் நீ எழுந்து உட்கார்ந்து கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாய். உன் கையைப் பிடித்தேன்.

"வேணாம்டி. நடக்க முடியாமப் போயிடும்."

"நொண்டிப் பொண்ண யாரு கட்டிக்குவான்?" என்றாய். "மலையில என்னை உட்டுட்டுப் போவல நீ. இப்பவும் போவாத. கூட இரு. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, அந்தக் காலை ஊன்றி நின்றாய். உன் முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டாய். உன் முகத்தில் வியர்வை கொட்டியது. நீ கத்தவில்லை. பிறகு நாம் இருவருமாகப் பத்தைகளைப் பழையபடி வைத்துக் கட்டினோம். அதற்கடுத்த நாட்களிலும் யாரும் இல்லாத நேரம் பார்த்து நின்றாய். கட்டுப் பிரித்தபோது கால் வளைந்திருந்தது. கட்டுப் போட்டவர் தன் கைமேல் தானே சந்தேகப்பட்டு அந்த வளைவைத் தடவித் தடவிப் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கும்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று ஆள் அனுப்பினார்கள். நாம் இருவரும் உன் வீட்டுப் பின்புறத்தில் உட்கார்ந்து சத்தம் வராமல் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அந்த வாரம்கூடத் தாங்கவில்லை. அதே ஆட்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரே சாதிசனம், நாள் தள்ளிப்போய்விட்டது, பெண் வேண்டும். என் அப்பா யோசிக்கக்கூட இல்லை.

நீ கோலை ஊன்றிக்கொண்டு வந்தாய். "மங்கா, நானே வேணும்னு காலை ஊனி ஒடச்சிக்கினேன்னு நைனாகிட்ட சொல்லிடறேன். அது தெரிஞ்சா நம்ம ஊர்ப் பொண்ணே வேணாம்னு போயிடுவாங்க" என்றாய்.

"சொன்னா உன்ன அடிச்சே கொன்னுடுவாரு. என்னையும் உட மாட்டாங்க" என்றேன்.

அது உண்மை என்று உனக்கும் தெரியும். என் மடியில் தலையை வைத்து அழுதாய். எனக்கு அழுகை வரவில்லை. உன் வளைந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தத் துணிவு இல்லை என்று மட்டும் தெரிந்தது.

உன்னை வேண்டாமென்றவருக்கே என்னைக் கட்டிவைத்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. எதுவும் கேட்காமலே எல்லாம் வீட்டுக்குள் வந்து சேரும். அதனால் எதற்கும் வெளியே போக வேண்டியதில்லை. முற்றத்துக்கு மேலே தெரிந்த வானம்தான் எனக்கு வெளி. மழை வந்தால் மழை, வெயில் வந்தால் வெயில். அதற்குள் எல்லை பிரித்தார்கள். நான் மதராஸில், நீ ஆந்திராவில். இரண்டும் பஸ்ஸில் போகிற தூரம்தான். எனக்கு அது எட்டாத சீமை.

உனக்கு மலையடி நாற்றுப்பண்ணையில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அந்தக் கார்டுதான். உட்கார்ந்தபடியே செம்மரக் கன்று வளர்த்தாய். தெலுங்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாய். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் எங்கள் வீட்டுப் பெண்களைத் திருத்தணி மலைக்கு அனுப்புவார்கள். காவடிக் கூட்டத்தில் நொண்டி நொண்டி வந்து என்னைக் கண்டுபிடிப்பாய். குளக்கரையில் உட்கார்ந்து பேசுவோம். ஒவ்வொரு வருடமும் கிளம்பும்போது கேட்பாய்: "வந்துடறியாடி எங்கூட?" நான் பிள்ளைகளைக் காட்டுவேன். தலையை ஆட்டிவிட்டுப் போவாய்.

அப்படி ஒரு கிருத்திகையன்றுதான் என் பெண்ணுக்கு வரன் வந்திருப்பதைச் சொன்னேன். பள்ளிக்கூடம் முடிக்கவில்லை, அழுகிறாள், பெரிய வீடு, வெளியே விடமாட்டார்கள். நீ ஆறுதல் சொல்வாய் என்று நினைத்தேன். என் முகத்தையே பார்த்தாய்.

"இவளும் காலை ஒடச்சிக்கணுமா?" என்று கேட்டாய். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாய்.

வெற்றிலை பாக்கு மாற்ற வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, நான் உள்ளிருந்து வந்து ஆண்கள் நடுவில் நின்றேன். அந்த வீட்டில் எந்தப் பெண்ணும் அப்படி நின்றதில்லை. "முடியாதுங்க. அவ படிக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர்கள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் வெகுநாள் என்னோடு பேசவில்லை. ஆனால் பெண் திருப்பதிக்குப் படிக்கப் போன அன்று, பெட்டியை அவரேதான் தூக்கி பஸ்ஸில் வைத்தார்.

மழைக்காலம் முழுக்க அந்தக் கால் உன்னைத் தூங்கவிடாது என்று உன் சாவு வீட்டில்தான் பண்ணைப் பெண்கள் சொன்னார்கள். என்னிடம் நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இன்னமும் யாருக்காவது "முடியாது" என்று சொல்ல நேர்ந்தால் முதல் தடவை என் குரல் எனக்கே கேட்பதில்லை. திரும்பவும் சொல்லிவிடுகிறேன். அது என்னுடைய சுபாவம் இல்லை. உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான்.