இரண்டாம் பாகம் ஓடிய புதன்கிழமை

உன் கையெழுத்தை இன்று காலையில் ஒரு போஞ்சித் தோட்டத்தில் பார்த்தேன். லயத்து வீடுகளுக்குப் பின்னால், பாடசாலைக்கு இறங்கும் குறுக்குப் பாதையில், குருவி விரட்டுவதற்காக யாரோ பழைய டிஸ்க்குகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்றில் சுற்றிக்கொண்டிருந்த ஒன்றைப் பிடித்து நிறுத்தினேன். கறுப்பு மார்க்கரில் ‘2’ என்று போட்டு, கீழே ‘நல்ல கொப்பி’ என்று எழுதியிருந்தாய். எத்தனை மழை பெய்திருக்கும் அதன்மேல்! உன் கோணல் எழுத்து அழியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுத்து எறியலாம் என்று கையை வைத்தேன். "டீச்சர், என்னாங்க வேணும்?" என்று மேலேயிருந்து தோட்டக்காரி கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

உனக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். எழுதாமல் இருந்தும் எனக்குப் புத்தி தெளியவில்லையே, என்ன செய்ய?

நாம் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. நான் படித்து நம் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைக்கே டீச்சராக வந்தேன். நீ கொழும்பில் ஒரு வீட்டில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, அட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டிஸ்க் கடையில் வந்து நின்றாய். கொழும்பு உனக்குத் தந்தது சிங்களம் ஒன்றுதான். பேசவும் வரும், கடகடவென்று வாசிக்கவும் வரும். அந்தச் சிங்களத்தை வைத்துக்கொண்டு நீ செய்த வேலையை இந்த மலையில் வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பறக்கிற வீரன் படத்தின் முதல் பாகத்தைப் பிள்ளை மடுவத்தில் போட்டோமே, நினைவிருக்கிறதா? பௌர்ணமிப் போயா விடுமுறை. கொழுந்து பறிக்கும் பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அந்தக் கட்டடத்தில், அன்று அவர்களே பாயை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். படம் இங்கிலீஷில் பேசும், கீழே சிங்கள எழுத்து ஓடும், நம் சனத்துக்கு இரண்டும் தெரியாது. நீ டிவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, ஓடுகிற எழுத்தை ஓடுகிறபடியே தமிழாக்கினாய். வில்லன் மலையுச்சியில் நின்று உறுமினான். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. நாளையிலயிருந்து ஊரு முழுக்க அரைப்பேருதானாம்!" என்றாய். கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம் மட்டும் போடுவார்களே, அந்த அரைப்பேர். மடுவமே கொதித்தது. "அடி செருப்பால! இவன் யாருடி நமக்கு அரைப்பேரு போட?" என்று உன் அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

உண்மையில் அவன் அப்படியா சொன்னான் என்று பிறகு கேட்டேன்.

"உலகத்த அழிக்கப் போறேன்னான். அதச் சொன்னா இவங்களுக்கு என்னாடி பயம் வரப்போவுது?"

இரண்டாம் பாகம் கொழும்புத் தியேட்டர்களில் ஓடியபோது என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பிய்த்தெடுத்தார்கள். புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும், பள்ளிக்கூடத்திலேயே பெரிய திரையில் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கள்ளக் கொப்பி உன் கடைக்கு ஒரே வாரத்தில் வந்தது. நீ அதைத் தொடமாட்டேன் என்றாய். "முன்னால இருக்கவன் தலை மறைக்குது. ஒருத்தன் எந்திரிச்சுக் கக்கூசுக்குப் போறான். சிங்கள எழுத்தும் இல்ல, நான் எதப் பாத்துச் சொல்லுறது? வீட்டுல பாக்குற டிஸ்க்கு வெளிவரட்டும்டி." பரீட்சை முடிந்து இரண்டு மாதம் காத்திருந்தோம். டிஸ்க் வெளியாகும் தேதியைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து, வருகிற பொடியன்களையெல்லாம் நீ அதைக் காட்டியே விரட்டினாய்.

அதே இரண்டு மாதம் நீ இன்னொரு தேதிக்கும் காத்திருந்தாய். உன் மார்பில் இருந்த கட்டியைப் பற்றி என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாய். வெட்கப்பட்ட உன்னை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனவள் நான்தான். கண்டியில் ஸ்கேன் எடுக்கத் தேதி எழுதி, கிளினிக் அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். நானும் வருகிறேன் என்று சொன்னேன். சொன்னேனா இல்லையா?

திங்கட்கிழமை டிஸ்க் வந்தது. முதல் கொப்பியை எனக்கென்று எடுத்துக்கொண்டு பாடசாலை வாசலுக்கே வந்தாய். புரொஜெக்டரைப் புதன்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் கல்வி அதிகாரியின் கந்தோரில் தருகிறார்கள் என்றேன் நான். உன் சிரிப்பு நின்றது. கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாய்.

"புதன்கிழமைதாண்டி எனக்கு ஸ்கேனு."

எனக்கு மறந்தே போயிருந்தது. மறந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. வாத்தியார் வாயல்லவா, திமிராகத்தான் வந்தது. "பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டேன்டி. நீ இல்லாட்டி அதுங்களுக்கு ஒரு மண்ணும் வெளங்காது. ஸ்கேன் மெசினு எங்க ஓடிப்போகப் போவுது? வேற தேதி கேட்டு வாங்குவோம்."

"தேதிய விட்டா ஏசுவாங்கடி."

"ஏசட்டும். நான் வந்து பேசுறேன்."

நீ அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாய். "சரி, உனக்காக வாறேன்" என்றாய்.

அந்தப் படம் நன்றாகவாவது இருந்ததா? பாதிப் படம் அந்த வீரன் மழையில் நனைந்து அழுதான், மீதிப் படம் இரும்புத் துண்டுகள் பறந்தன. நீதான் அதைத் தூக்கி நிறுத்தினாய். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இடையில் இரண்டு தடவை நீ அக்குளைக் கையால் அழுத்திக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, களைப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிந்ததும் அதிபர் "நல்ல ஏற்பாடு டீச்சர்" என்று எனக்கு நன்றி சொன்னார். உன் பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் எடுத்துக்கொடுக்கவில்லை.

அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது. இந்த முறை நானும் வந்தேன், பேசப் போகிறவள் மாதிரி நல்ல சேலை கட்டிக்கொண்டு. அன்றைக்கு ஏன் வரவில்லை என்று தாதி சிங்களத்தில் பொரிந்து தள்ளினாள். என் அரைகுறைச் சிங்களத்துக்குக் கேள்வி புரிந்தது. நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். நீதான் ஏதோ சொன்னாய். ஊருக்கெல்லாம் தமிழாக்கிச் சொன்னவள், அந்த ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டாய்.

பிறகு மஹரகம ஆஸ்பத்திரி. நம் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. எட்டு மாதம் அங்கும் இங்குமாக அலைந்தாய். உன் தலைமுடியெல்லாம் போனது. அந்த மூன்று மாதம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தேன். பதில் சொல்லிவிடுவாரோ என்று பயந்து கேட்காமலே இருந்துவிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். வேலை மேற்பார்க்க வருகிற கண்டாக்கையே மலையில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள் நீ. கடை முதலாளியை வாயடைக்க வைத்தவள். என்னிடம் மட்டும் ஏன்டி சரி என்றாய்? "போடி நீயும் உன் படமும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதானே?

அந்த வகுப்புப் பையன் ஒருவன் இப்போது அட்டனில் ஆட்டோ ஓட்டுகிறான். போன மாதம் அவன் வண்டியில் வரும்போது அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். "ஸ்கூல்ல படம் காட்டுனீங்களா டீச்சர்? ஞாபகமே இல்லீங்களே" என்றான். இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

நீ கடைசியாகப் படுத்திருந்தபோது உன் அம்மா கேட்டாள். நானும் கட்டில் ஓரத்தில் இருந்தேன். உன் அக்காவின் பேறுகாலத்துக்காக அந்தப் புதன்கிழமை அவள் டயகமவில் இருந்தவள், அவளுக்கு எதுவும் தெரியாது. "மொதல்ல குடுத்த தேதிக்கே ஏன்டி போகாம இருந்த?" நீ என் பக்கம் திரும்பவேயில்லை. படத்துக்குக் கதை சொல்வாயே, அதேபோலத் தடங்கலில்லாமல் சொன்னாய். "அன்னைக்குக் கண்டி பஸ்ஸு வரலம்மா. ஒம்பது மணி வரைக்கும் நின்னு பாத்துட்டு வந்துட்டேன்."

அந்தப் பொய்யை நீ விட்டுவிட்டுப் போனாய், நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு தவறாமல் பூசை முடிந்து உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். சாயத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள், கருப்பட்டித் துண்டை என் உள்ளங்கையில் வைப்பாள், உன்னைப் போலவே என்னை வாடி போடி என்பாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் படியேறுகிறேன். போன ஞாயிறும் ஆரம்பித்தாள். "அந்தப் பாழாப்போன பஸ்ஸு மட்டும் வந்திருந்தா எம்புள்ள இன்னைக்கு இருந்திருக்கும்டி."

"வெளங்கவே மாட்டான்ம்மா அந்த பஸ்ஸுக்காரன்" என்றேன்.