இரண்டு முறை சீவிய சிலிண்டர் ஹெட்

பிடிவாதக்காரனும் என் ஒரே தம்பியுமான சேகருக்கு,

நீ போய் நான்கு மாதங்கள் ஆகின்றன. உன் படத்துக்கு மாலை போடுவதை மூன்றாவது வாரமே நிறுத்திவிட்டேன். பூ அழுகி நாறியது. இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு வேறு ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

அபிராமபுரம் வீட்டுக் கார் ஷெட்டில் நீ பாதியில் விட்டுச்சென்ற எஞ்சினை உன் மகள் நித்யா முடிக்கப் போகிறாள். அதற்குள் நீ தேர்ந்தெடுத்த, தலையில் மேடு வைத்த நான்கு பிஸ்டன்கள் இருக்கின்றன. மேஜையில், துணி போர்த்திய, எஞ்சினுக்கு மூடியாகும் சிலிண்டர் ஹெட். மேலே வைத்து முடுக்க வேண்டியதுதான் பாக்கி என்றாள். பிறகு அந்தக் காரைப் பந்தயத்தில் ஓட்டப் போவதும் அவளேதான். எனக்கு அளந்து பார்க்கத் தோன்றியது.

முப்பது வருடம் சாப்பாட்டு மேஜையில் நீ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறேன், சரியா பார். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் மேடு ஹெட்டின் குழிக்குள் புகுந்து நிற்கும். நடுவில் மிஞ்சும் இடம் குறையக் குறைய அழுத்தம் கூடும், வேகமும் கூடும். அளவு மீறிக் குறைந்தால் பெட்ரோல் நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனில் ஓட்டை விழும். ஆகவே பிஸ்டன் நல்லது, ஹெட் நல்லது என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது. ஜோடியாகத்தான் சொல்ல முடியும். அப்படியானால் நீ செய்வது கல்யாணத் தரகு என்று நான் சொன்னபோது, நீ தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாய்.

உன் நோட்டில் குழப்பமே இல்லை. குழியின் கொள்ளளவு நாற்பத்தொரு மில்லி. ஹெட்டின் அடிப்பரப்பை ஒரு முறை சீவினால் முப்பத்தாறு. இந்தப் பிஸ்டன்களோடு சேர்ந்தால் அழுத்த விகிதமான கம்ப்ரஷன் பதினொன்று; பம்பில் வாங்கும் பெட்ரோலுக்கு அதுவே எல்லை. கீழே இரட்டைக் கோடு.

கல்லூரி வேதியியல் துறையிலிருந்து ஓய்வுபெற்றபோது நான் கொண்டுவந்து, நீ என்னிடமிருந்து பறித்துக்கொண்ட பியூரெட்டைத் தேடி எடுத்தேன். ஹெட்டைக் கவிழ்த்து, கிரீஸ் தடவி, துளையிட்ட கண்ணாடித் தகட்டால் குழியை மூடி, சிவப்பு மை கலந்த ஸ்பிரிட்டை உள்ளே விட்டேன். முப்பத்தொன்று. நான்கு குழிகளிலும் முப்பத்தொன்று. மறுநாளும் முப்பத்தொன்று. கணக்குப் போட்டால் கம்ப்ரஷன் பதின்மூன்றை ஒட்டி வருகிறது. என் கண்ணைச் சந்தேகித்தேன், பிறகு பியூரெட்டை. உன்னைச் சந்தேகிக்க மூன்று நாட்கள் ஆயின.

தேனாம்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் உன் தாஸை வரச்சொன்னேன். சார் வைத்தது சரியாகத்தான் இருக்கும் என்று முதலில் சாதித்தான். எத்தனை முறை சீவினாய் என்று கேட்டதும் தன் காலைப் பார்த்தான்.

"ரெண்டு தபா மேடம். ரெண்டாவது தபா எடுத்தாந்தப்போ, போன மாசம்தானே சார் சீவினோம்னு கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துக்கினு இருந்தாரு. அப்பால, 'தெரியும், அதே அளவு எடு'ன்னாரு. நான் இன்னா பண்றது?"

தெரியும் என்றாயாம். உண்மையிலேயே தெரியுமா, சேகர்?

சென்ற ஆண்டு நங்கநல்லூருக்குக் கிளம்பி, வழியிலேயே இல்லாத திருவான்மியூரிலிருந்து எனக்கு போன் செய்தாய். சாலையை ஒருவழியாக்கிவிட்டார்கள் என்றாய், நம்பினேன். பால் வந்ததா என்று ஒரே காலையில் இரண்டு முறை கேட்டாய். காது மந்தம் என்று நினைத்துக் கத்தினேன். இவற்றை இப்போது ஒரே வரியில் எழுதினால் ஒரு பொருள் வருகிறது. ஆனால் நான்கு பிஸ்டன்களிலும், ஹெட்டின் வால்வு இறங்குவதற்கான பள்ளங்களைச் சுற்றி நீலக் கோடு போட்டிருக்கிறாய். ஹெட் தாழ்ந்ததை அறிந்தவன்தான் பள்ளத்தை ஆழமாக்க நினைப்பான். பந்தய எரிபொருள் ஊற்றிப் பதின்மூன்றில் ஓட்டத் திட்டமிட்டாயா? அப்படியானால் நோட்டில் ஏன் ஒரு வரி இல்லை? எத்தனை முறை யோசித்தாலும் இரண்டு விடைகளும் சமமாகவே நிற்கின்றன.

நித்யா பிஸ்டன் தலையில் களிமண் அப்பி, ஹெட்டை வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தாள். வால்வு அழுத்திய இடத்தில் களிமண் வெங்காயத் தோலாகியிருந்தது; எஞ்சின் ஓடினால் வால்வு பிஸ்டனில் இடித்துவிடும்.

"அத்தை, அப்பாவுக்கு மறந்துபோச்சா, தெரிஞ்சேதான் பண்ணாரா?"

தெரியாது என்றேன். நாற்பது வருடம் வகுப்பில் சொல்லாத பதில். அவள் அழவில்லை. அப்பா கடைசியாகத் தொட்டது, அப்படியே முடுக்கிவிடலாம் என்றாள். கூடாது என்றேன். உங்களுக்கு எப்போதுமே அப்பாவைத் திருத்தவேண்டும் என்றாள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டு நாட்கள் அவள் சமையலறைப் பக்கமே வரவில்லை.

நேற்றுக் காலை அவளே பிஸ்டன்களைக் கழற்றினாள். ஹெட்டில் போன உலோகம் திரும்பாது. ஆகவே பிஸ்டன் மேட்டில் ஐந்து மில்லியைக் குறைத்து, நீ கோடு போட்ட பள்ளங்களையும் ஆழமாக்கச் சொல்லியிருக்கிறோம். அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் வெட்டுவேன் என்றான் தாஸ். உன்னிடம் கேட்காததை எங்களிடம் கேட்கிறான். நித்யா கையெழுத்திட்டாள்.

உன் நோட்டில் நான் அளந்ததை மட்டும் எழுதினேன். பிழை என்று எழுதவில்லை. சரி என்றும் எழுதவில்லை. எது உண்மை என்று நீ வந்து சொல்லப் போவதில்லை. அந்தக் கோபம் எனக்கு நீண்ட நாள் இருக்கும்.

வாக்கு ஒன்று தருகிறேன். பிஸ்டன்கள் திரும்பி வந்ததும் மறுபடி அளப்பேன், நித்யா என்ன முணுமுணுத்தாலும். உன் மகள் ஓட்டப்போகும் காரில், உன்மேல் உள்ள மரியாதைக்காக மட்டும் ஒரு போல்ட்டைக்கூட முடுக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
பாலைப் பற்றி நீ கேட்டபோது உன் முகத்தைப் பார்க்கத் தவறிய
உன் அக்கா