யாரும் கேட்காத படம்

இன்று அடையாறு ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு எக்கோ, அதான் இதய ஸ்கேன், எடுத்தார்கள். துணைக்கு யாரையும் அழைத்துப் போகவில்லை. நெஞ்சில் அந்த ஜில்லென்ற பசையைத் தடவியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில், தி.நகர் ஜவுளிக்கடை மாடியில் இருந்த நம் சின்ன கம்பெனிக்கு ஒரு ஆஸ்பத்திரி வேலை கொடுத்தது. இதயம் துடிக்கும் படங்களை அதுவரை வீடியோ கேசட்டில் வைத்திருந்தார்கள். பழைய படம் ஒன்றைத் தேடி எடுக்க அரைநாள் ஆகும். அவற்றைக் கம்ப்யூட்டரில் சேமிக்க, எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்த நாம் இரண்டு பெண்களும் வழி செய்ய வேண்டும். ஹார்ட் டிஸ்கில் இடம் போதாது. படத்தைச் சுருக்கிவிடலாம் என்றேன். நீ ஒப்பவில்லை.

"சுருக்குனா வால்வு ஓரம் மங்கிடும் மா. அதப் பாத்துதான டாக்டரு சொல்லணும்?"

கம்ப்யூட்டர் டேப்பில் இடம் உண்டு, திரும்ப எடுக்கத்தான் நேரமாகும். ஆறு மாதம் யாரும் கேட்காத படம் டேப்புக்குப் போகட்டும், புதிதாக வருபவருக்கு டிஸ்கில் இடம் கிடைக்கட்டும் என்பது நீ போட்ட விதி.

சோதித்துப் பார்க்க ஒரு படம் வேண்டியிருந்தது. படுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டவள் நான். அறை வாசல் வரை போனதும் கூச்சம் வந்துவிட்டது. "வுடு மா, நான் பட்த்துக்கிறேன்" என்று நீ உள்ளே போனாய். பேசிக்கொண்டே படம் எடுத்த பெண் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று உன் வால்வைக் கெடுத்திருந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று நீ மூச்சு வாங்குவது எதனால் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அடுத்த மாதம் ஆபரேஷன். நீ கண் விழிக்கவில்லை.

எதிர் நாற்காலி காலியானது. உன் படம் டேப்புக்குப் போய்விடாமல் இருக்க, ஆறு மாதம் முடியுமுன் அதை நானே கேட்டு எடுப்பேன். கறுப்பு வெள்ளையில் வால்வு மூடித் திறக்கும். மூன்று முறை அப்படிச் செய்தேன். அடுத்த தடவை டிஸ்க் நிரம்பி, புது நோயாளிகளின் படங்கள் ஏறாமல் நின்றன. உன் விதிப்படி உன் படத்தை டேப்புக்குப் போக விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு சைதாப்பேட்டைக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். படம் டேப்பில் பத்திரமாக இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன் என்றேன். அதில் உன் முகம் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றதும் வேண்டாமென்று விட்டார். காபி கொடுத்தார். நான் செருப்பை மாட்டும்போது மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் படம் எடுக்காம வுட்டிருந்தா, எம் பொண்ணு இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாளா மா?"

தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன். அங்கே படுத்திருக்க வேண்டியவள் நான் என்று சொல்லவில்லை. இப்போது உன் அம்மாவும் போய்விட்டார். அன்று அவரிடம் சொல்லாததைச் சொல்ல, உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை.