ஆயிஷாவுக்குக் கொடுத்த உடுப்பு

13 ஜூலை 1981, திங்கள்
யாக்கூப் மறுபடியும் பள்ளி அலுவலகத்தில். என் நான்காம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளை ஆயிஷாவின் அப்பா, சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை. நோன்பு வைத்துக்கொண்டு இந்த வெயிலில் வர அப்படி என்ன அவசரம்? என்னைக் கண்டதும் கையிலிருந்த விண்ணப்பப் பாரத்தை மடித்துக்கொண்டார். மகளைத் தமிழ்ப் பாடத்திலிருந்து மலாய் வகுப்புக்கு மாற்றப் பார்க்கிறார், வேறென்ன. போன வருஷம் இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் அப்படித்தான் போனார்கள். இவளும் போனால் வாய்விட்டுப் படிக்க அந்த வகுப்பில் யார் இருக்கிறார்கள்?

14 ஜூலை
சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்கிறார். அதுவே சரியில்லை.

17 ஜூலை
தேசிய தின விழாவுக்கு எல்லா இனப் பிள்ளைகளும் அவரவர் உடையில் மேடையேற வேண்டுமாம். பொறுப்பு என் தலையில். தமிழ்ப் பெண்ணாகக் கண்மணி: பட்டுப்பாவாடை, பொட்டு, மல்லிகைச் சரம். மலாய்ப் பெண்ணாக நிற்க வேண்டியவளுக்கு அம்மை போட்டிருக்கிறது. ஆயிஷா பெயரை எழுதிவிட்டேன். எப்படியும் அங்கே போகப் போகிறவள்தானே?

"டீச்சர், நான் கண்மணிகூட நிக்கவா?" என்றாள்.

"உனக்கு இதுதான் பொருத்தம்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

7 ஆகஸ்ட்
விழா முடிந்தது. எல்லாப் பிள்ளைகளையும் மேடையேற்றியதற்குத் தலைமையாசிரியர் பாராட்டினார். யாக்கூப் மட்டும் கை தட்டவில்லை. கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

11 ஆகஸ்ட்
பொறுக்க முடியவில்லை. மாற்றல் பாரம் வந்துவிட்டதா என்று கிளார்க் பிரிஜட்டிடம் கேட்டேன்.

"மாத்தலா? சின்னப் பையனை அடுத்த வருஷம் தமிழுக்குப் பதியத்தான் வந்தாரு. பாரத்துல அடிச்சு அடிச்சு எழுதியிருந்தாரு, டீச்சர் பாத்தா வெக்கம்னு மறைச்சாரு. உங்களுக்கு எல்லார் மேலயும் டவுட்டு லா."

ஐயோ, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்...

12 ஆகஸ்ட்
கடைக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். யாக்கூப் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"என் மக சண்டை போடுறதே தமிழ்லதான் டீச்சர். பொட்டு இல்லாம, முக்காட்டோட ஒரு தமிழ்ப் பிள்ளை மேடையில நிக்கக் கூடாதா?"

ஆயிஷாவை மாற்றிவிடாதீர்கள் என்றேன்.

"நான் மாத்தல. அவதான் கேக்குறா. டீச்சரே சொல்லிட்டாங்களாம், அதுதான் பொருத்தம்னு."

அது என் வாயில் வந்த சொல்தான். யாரைச் சந்தேகப்பட?

4 ஜனவரி 1982
புது வருஷம். ஒன்றாம் வகுப்புத் தமிழும் இந்த ஆண்டு எனக்கே. பெருநாளுக்கு வீட்டில் என்ன உடுத்துவீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டு, அதையே போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி படம் வரையச் சொல்ல வேண்டும் என்று காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆயிஷா தம்பியைக் கைப்பிடித்து வாசல்வரை கூட்டி வந்தாள். இன்னொரு கையில் மலாய்ப் புத்தகம்.

"பயப்படாத. உள்ள போ" என்று அவனிடம் தமிழில் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, மரியாதையாக, எனக்கு மலாயில் காலை வணக்கம் சொன்னாள்.