ரஷ்யாவில் ஒரு சித்தப்பா

9 மே 2013, வியாழன்

இன்று இங்கே லீவு. சுவிஸில் இந்த லாங்கன்தால் முழுக்கத் தேவாலய மணி, எங்கள் வீட்டில் பரவிக். காலையிலிருந்து இவர் பரவிக் என்கிற அந்த ரஷ்ய உதைபந்தாட்டக் கழகத்தின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். கலியாண அல்பத்தை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அதன் வரலாறு மனப்பாடம். கொதிகலன் தொழிற்சாலை ஆட்கள் தொடங்கியது. ஒருமுறை கிண்ணத்தில் அரையிறுதி. பிறகு காசில்லாமல் உடைந்து, பெயர் மாற்றி, திரும்ப உடைந்து, திரும்பப் பழைய பெயர்.

"எங்கட ஆக்களின்ர சங்கம் மாதிரி," என்றேன். முறைத்தார்.

இந்த வருட ஆட்களுக்குப் பட்டமும் வைத்துவிட்டேன். கோல் காக்கிற கோலி: விளக்குக் கம்பம். பின்னுக்கு நிற்கும் இரண்டு தடியன்கள்: அம்மி, குழவி. முன்னுக்கு நிற்பவன் விருந்தாளி. சாப்பிட மட்டும் வந்த முகம்.

16 ஜூன், ஞாயிறு

பரவிக் வருகிறது! சோலோதுர்னுக்குப் பக்கத்தில் பயிற்சி முகாமாம். வரும் சனி ஒரு சிநேக ஆட்டம், யாரும் போய்ப் பார்க்கலாம். இவர் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருக்கிறார்.

பந்துக்காக இல்லை, எனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு மாரிக் குளிரில், வெளிநாட்டுக்குக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் இவரை அந்த ஊரில் விட்டுவிட்டு மறைந்துவிட்டான். மைதானத்துப் படிகளுக்குக் கீழே படுக்க விட்டு, முட்டைக்கோஸ் போட்ட கோவாச் சூப் ஊற்றியவர், ஆட்டக்காரரின் உடுப்புகளைப் பார்க்கும் கழகத்து உடுப்புக்காரர் நிக்கொலாய். பதிலுக்கு இவர் மைதானத்தில் பனி தள்ளினார். வெளிக்கிடும்போது கோலியின் பழைய பச்சைச் சட்டை ஒன்றைக் கிழவர் போட்டுவிட்டாராம். அதோடுதான் எல்லை தாண்டினது.

"கிழவர் கட்டாயம் வந்திருப்பார். சட்டையைக் காட்டினால் என்னைத் தெரியும்."

ஒரே ஒரு கரைச்சல். சனிக்கிழமை கோயில் திருவிழாவில் எங்கள் உபயம். அம்மனை முன்னுக்கு நின்று தூக்க வேண்டியவர் இவர்.

18 ஜூன், செவ்வாய்

இடுப்பில் நாரிப்பிடிப்பு என்று சொல்லலாமா? போன வருடம் சாமி தூக்க வேண்டிய தவராஜா அப்படிச் சொல்லி, நாலு பேர் எண்ணெய்ப் போத்தலோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். துடக்கு, தீட்டுத்தான் ஒரே வழி. சாவுத் துடக்கு என்றால் கோயில் வாசலையே மிதிக்கக் கூடாது. அம்மனும் கேள்வி கேட்க மாட்டாள்.

கோயில் தலைவர் பாலசிங்கம் அண்ணைக்கு நானே போன் அடித்தேன். தாய்மாமன் என்றால் துடக்கு பற்றாது, அதனால் சித்தப்பா என்றேன். யாழ்ப்பாணம் என்றால் அண்ணைக்கு எல்லாக் குடும்பமும் தெரியும், அதனால் ரஷ்யா என்றேன்.

"ரஷ்யாவிலயோ? பேர்?"

எனக்குத் தெரிந்த ரஷ்யப் பெயர் ஒன்றுதானே. "நிக்கொலாய்."

கிறிஸ்தவப் பெயர் என்று அண்ணைக்குப் பிடிபட்டுவிட்டது. "வேதத்துக்கு மாறினவரோ?"

"ஓம் அண்ணை. அங்க சரியான குளிர்."

இவருக்குச் சொன்னதும் சாப்பாட்டை விட்டு எழும்பிவிட்டார்.

"ஏன் நீர் அந்த மனுசனைப் போய்ச் சாகடிச்சனீர்?"

"பொய்யாய்ச் செத்தால் ஆயுசு கூடுமாம்," என்றேன்.

22 ஜூன், சனி

காலையில் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வயிறு பாதி வெளியே தெரியப் போனார். மாப்பிள்ளை போல.

பின்னேரம் மணி அடித்தது. திறந்தால் பாலசிங்கம் அண்ணை, மேல்வீட்டுச் சிவகலா, இன்னும் ஆட்கள். கையில் சட்டி சட்டியாய்ச் சாப்பாடு. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதே! எனக்கு மறந்தே போய்விட்டது. உள்ளே என் அடுப்பில் கோழி கொதிக்கிறது. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, வந்து அழத் தொடங்கினேன்.

"இராஜேந்திரன் எங்க, பிள்ளை?"

"கவலை தாங்காமல் நடக்கப் போட்டார், அண்ணை."

சொல்லி வாய் மூடவில்லை, கதவைத் திறந்துகொண்டு இவர். பச்சைச் சட்டை, வயிறு, எல்லாத்தோடையும். முடிந்தது கதை என்று நினைத்தேன். ஆனால் யாரையும் பார்க்காமல் கதிரையில் இருந்து விம்மினார். பாலசிங்கம் அண்ணைக்கே கண் கலங்கிவிட்டது. என்ன நடிப்பு! நான் உள்ளுக்குள் கைதட்டினேன்.

எல்லாரும் போன பிறகும் இவர் நிறுத்தவில்லை.

இப்போது வேறொருவர்தானாம் உடுப்புக்காரர். சட்டையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினாராம். நிக்கொலாய் மாசியிலேயே போய்விட்டாராம்.

மாசியில். நான் சொல்ல முன்னமே. அப்ப நான் இல்லை. நான் இல்லைத்தானே?

23 ஜூன், ஞாயிறு

ஆட்டம் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். கோழியைத் தொடவில்லை. சிவகலாவின் புட்டைச் சாப்பிட்டோம். செத்தவீட்டுச் சாப்பாடு சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது.

6 ஆகஸ்ட், செவ்வாய்

ஆடி அமாவாசை. இவருக்குத் தகப்பன் விரதம். விரதக் கறிக்கு வேண்டிய காத்தோட்டிக்காயும் தமிழ்க் கடையில் கிடைத்தது. பால்கனியில் மாமாவுக்கு இலை விரித்துப் படைத்தேன். கேட்காமலே பக்கத்தில் இன்னொரு இலை போட்டு, ஒரு கோப்பை கோவாச் சூப் வைத்தேன்.

இவர் குனிந்து மணந்து பார்த்தார். "நிக்கொலாய் மாட்டெலும்பு போடுறவர்."

"சித்தப்பா இண்டைக்குச் சைவம்," என்றேன்.

காகம் வந்தது. மாமாவின் வடையைத் தாண்டி நேரே சூப்புக்குள் மூக்கை விட்டது.

"அப்பு கோவிக்கப் போறார்," என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்குப் பிறகு இன்றுதான் அந்தச் சிரிப்பு. கை கழுவிவிட்டு வந்து போனைத் தேடினார். ஒரு மாதத்துக்கு மேல் தொடாத பரவிக்.

"தோத்திட்டாங்கள். உம்மட விளக்குக் கம்பம் மூண்டு கோல் விட்டிட்டான்."