இடியோடு நகர்ந்த சாம்பல் புள்ளிகள்

செவ்வாய், இரவு.

தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்தான். எங்கள் இன்டர்நெட் ஆபீஸில் இன்று புது கண்காணிப்பு மென்பொருள் ஓடத் தொடங்கியது. பழையதில் எந்த வீட்டு மோடம் அணைந்தாலும் திரை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிதான். புதியது பிரித்துக் காட்டுகிறது. வீட்டுக்காரர்களே பிளக்கைப் பிடுங்கினால் சாம்பல் நிறம், உண்மையான பழுது என்றால் மட்டும் சிவப்பு.

மதியம் நார்த்தாமலைப் புள்ளிகள் மளமளவென்று சாம்பல் நிறமாயின. கொஞ்ச நேரத்தில் அன்னவாசலும். இடி இடித்தால் நம் பக்கம் யார் பிளக்கை விட்டுவைப்பார்கள்! மழை தெற்கே நகர்வதைத் திரையிலேயே பார்த்துவிட்டேன். அடுத்தது அரிமளம், எங்கள் ஊர். வாசலில் கடலை காயுமே! அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, கடலைய அள்ளு, மழை வருது."

"இங்கிட்டு வெயில் கொளுத்துதுடி. ஒனக்கு யாரு சொன்னா?"

"சொல்றதக் கேளும்மா, அள்ளு!"

சற்று நேரத்தில் அரிமளம் முழுக்கச் சாம்பல். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. நடுவில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. தொட்டுப் பார்த்தேன். எங்கள் வீடு.

மறுபடி போன் போட்டேன்.

"கடலை தப்பிச்சிருச்சுடி, மோடந்தான் கருகிப்போச்சு. பிளக்கப் பிடுங்கச் சொல்லி நீ சொல்லவே இல்லையே!"