ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்

அன்புள்ள என் ஐயாவுக்கு,

இந்த ஜெர்மன் நாட்டில் உங்கள் பெயரை அடிக்கடி யாராவது கூப்பிடுகிறார்கள். அரசாங்கக் கந்தோரில் "ஃப்ராவ் நாகலிங்கம்!", அதாவது திருமதி நாகலிங்கம், என்று சத்தம் போடுவார்கள், நான் எழும்பிப் போவேன். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரைப் பார்த்துவிட்டு அதுதான் குடும்பப் பெயர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வந்த புதிதில் திருத்திச் சொல்லிப் பார்த்தேன். பிறகு அலுத்துப் போய் விட்டுவிட்டேன். நீங்கள் போனதிலிருந்து அந்தக் கூப்பாடு எனக்குப் பிடித்தும் போய்விட்டது.

ஐயா, உங்களுக்கு இன்னொரு பேத்தி பிறந்திருக்கிறாள். உங்கள் மூக்கு. அழுகையும் உங்களைப் போலத்தான், நினைத்தது நடக்கும்வரை நிறுத்த மாட்டாள். இந்தக் கடிதத்தை எங்கள் அகதிப் பெடியங்கள் தட்டச்சில் அடித்து விடும் சிறு பத்திரிகைக்குத்தான் கொடுக்கிறேன். உங்களுக்குப் போடுவதற்கு வேறு விலாசம் எனக்குத் தெரியாது.

பெயர் வைப்பதில்தான் பட்ட பாடு பெரும்பாடு. முதல் பேத்திக்கு நீங்கள் கடிதத்தில் பெயர் அனுப்பினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? சிவகாமசுந்தரி. "சிவா எண்டும் சுந்தரி எண்டும் வெட்டிக் கொத்தக் கூடாது, முழுசாக் கூப்பிட வேணும்" என்று கீழே கோடும் போட்டிருந்தீர்கள். இவர் வாசித்துவிட்டு, "வெள்ளைக்காரன் இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிடும்" என்று சிரித்தார். பள்ளிக்கூடம் போக அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. நெஞ்சில் சளி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளையை விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தோம்.

அதற்கு நீங்கள் எழுதிய கடிதம் இன்னும் என் தலையணைக்குக் கீழே கிடக்கிறது. "அடுத்த பிள்ளைக்கும் நான்தான் பேர் வைப்பன். அவசரப்படாதை பிள்ளை." நான் அவசரப்படவில்லை. நீங்கள்தான் அவசரப்பட்டீர்கள். ஊரடங்குக்குள் நெஞ்சு வலி வந்து, வாசல் படலையைத் தாண்டிக் கொண்டுபோக வழியில்லாமல் போனதை அம்மா எழுதித்தான் அறிந்தேன். வரவும் ஏலாமல், அழுது தீர்க்க ஒரு அறையும் இல்லாமல், ஹைம் என்று நாங்கள் சொல்லும் இந்த அகதிக் கட்டடத்தின் பொதுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன்.

நோரா அன்ரியைப் பற்றி உங்களுக்குச் சொல்லவில்லை. ஹனோவருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில், ஒரு ஜெர்மன்காரரைக் கட்டி வந்து விதவையாகிப் போன அயர்லாந்து மனுசி அவர். பழைய குளிர்ச்சட்டைகள் கொண்டுவந்து கொடுக்கும்போது பழக்கம். நான் ஊரில் காணிக் கந்தோரில் பழைய இங்கிலீஷ் உறுதிப் பத்திரங்களைப் படி எடுத்தவள் என்று கேள்விப்பட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். அயர்லாந்துக் கோயிலிலிருந்து அவருடைய குடும்பத்தின் ஞானஸ்நானப் பதிவுகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். அவருக்குக் கண் சரியில்லை, வாசித்து எழுதித் தரச் சொன்னார். எனக்கோ வேலை செய்ய அனுமதி இல்லை, சும்மா இருந்து சும்மா இருந்து முதுகு நொந்துபோய்க் கிடந்தேன்.

ஐயா, நீங்கள் அந்தப் பதிவுகளைப் பார்த்திருந்தால் ஏசியிருப்பீர்கள்! ஒரு பிள்ளைக்கும் முழுப் பெயர் இல்லை. ஜாஸ் என்று எழுதிப் புள்ளி வைத்தால் ஜேம்ஸ். தோஸ் என்றால் தோமஸ். மார்க் என்று தொடங்கி மேலே ஒரு குட்டி எழுத்தை ஏற்றி வைத்தால் மார்கிரட். பாதிரியாருக்கு என்ன பஞ்சமோ, மையைப் பிள்ளைகளில்தான் மிச்சம் பிடித்திருக்கிறார். எழுத்து அழிந்த இடத்தில் அன்ரி வழக்கத்தை வைத்துப் பிடிப்பார். மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், அடுத்தவனுக்குத் தாயின் தகப்பன் பெயர், இப்படி வரிசை இருக்கிறதாம்.

அதிலே எனக்கு ஒரு பிழை நடந்தது. ஒரே தாய் தகப்பனுக்கு, கொஞ்ச இடைவெளியில், இரண்டு மார்கிரட். ஒரே பிள்ளையைத்தான் மறந்துபோய் இரண்டு முறை பதிந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் கந்தோரில் நடக்காததா? இரண்டையும் ஒன்றாக்கி ஒரே மனுசியாக எழுதிக் கொடுத்தேன். அன்ரி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லை மகளே, இவர்கள் இரண்டு பேர். முதல் மார்கிரட் செத்துப் போனாள். அடுத்துப் பிறந்தவளுக்கு அதே பெயரை வைத்தார்கள். அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்றார்.

செத்த பிள்ளையின் பெயரையா? எங்கள் ஆட்கள் வாயால்கூடச் சொல்ல மாட்டார்களே. ஆனால் அப்போது வயிற்றில் இவள் இருந்தாள். பிறந்த பிறகு அந்த எண்ணம் என்னை விடவே இல்லை. ஒரு மாதத்துக்குள் பெயர் சொல்ல வேண்டும் என்று பதிவுக் கந்தோரிலிருந்து கடிதமும் வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, இவளுக்கும் சிவகாமசுந்தரி எண்டே வைப்பமே?" என்று இவரிடம் கேட்டேன்.

"விசரே உமக்கு? செத்த பிள்ளையின்ர பேரை ஆராவது வைப்பினமே?"

"அயர்லாந்தில வைக்கிறவையாம்."

"அப்ப அயர்லாந்துக்குப் போம்!"

"எனக்கு வேற பேர் யோசிக்க ஏலாதப்பா. ஐயா தந்துவிட்டுப் போனது அந்த ஒரு பேர்தான்."

அவர் பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "மாமா இருந்தா இதுக்கு ஓமெண்டிருப்பாரே?" என்று கேட்டார். சம்மதித்து ஓம் என்றிருப்பீர்களா ஐயா?

நோரா அன்ரி ஓம் என்பார் என்று நம்பித்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அந்த இரண்டாவது மார்கிரட் சந்தோசமாக இருந்தாரா என்று கேட்டேன். அந்த மார்கிரட் அன்ரியின் அப்பாவின் அக்கா, அன்ரியை வளர்த்த மாமி. அன்ரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"பூசை முடிந்ததும் தாய் அவளை அக்காவின் குழிக்குக் கூட்டிக்கொண்டு போவாளாம். வாசிக்கப் பழகிய வருசம் அந்தக் கல்லை எழுத்துக்கூட்டி வாசித்தாளாம். மார்கிரட். அவளுடைய பெயர். மண்ணுக்குள் படுத்திருப்பது தானா, வெளியில் நிற்பது தானா என்று கிழவியாகும் வரைக்கும் அவளுக்குப் பயம். சாகும்போது, 'என்னை அங்கே மட்டும் புதைக்காதே நோரா' என்று கேட்டாள்."

நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு நித்திரை. எங்கள் மூத்தவள் இந்த ஊர்ச் சவக்காலையில்தான் இருக்கிறாள், இவளும் ஒருநாள் அங்கே அக்காவைப் பார்க்க வந்து நிற்பாள். நான் பட்ட துக்கத்தை எல்லாம் ஒரு பச்சைக் குழந்தையின் தலையில் சுமத்தப் பார்த்தேனே. அன்ரியின் மேசையில் இருந்தபடியே வாய் விட்டு அழுதேன். உங்களுக்கும் சேர்த்துத்தான். அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

ஹைமுக்குத் திரும்பும் வழியில் பிள்ளையோடு சவக்காலைக்குப் போனேன். குழிக்கு மேல் நட்ட சின்னப் பலகை பனியில் வெளுத்துப் போயிருந்தது. அதில் என்ன இருந்தது தெரியுமா ஐயா? ஓர் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு இவரின் பெயர். அவ்வளவுதான். பெயர் நீளம் என்று அப்போது யாரோ சுருக்கிவிட்டார்கள், எங்களுக்கும் அன்றைக்கு வாய் திறக்கத் தெம்பில்லை. எத்தனையோ முறை பார்த்த பலகைதான். அன்றைக்குத்தான் ஆத்திரம் வந்தது. நூறு வருடம் கழித்து என்னைப் போல ஒருத்தி குந்தியிருந்து என் பிள்ளை யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமா?

பெயரை நானே வைத்தேன் ஐயா. பஞ்சாங்கமும் பார்க்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. கோபிக்காதீர்கள். வாணி. பதிவுக் கந்தோரில் இருந்த பெண், எங்கள் பெயர்களோடு பட்ட அனுபவத்தில் பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன். இனி யாரும் இதைச் சுருக்க ஏலாது.

சிவகாமசுந்தரி எங்கேயும் போகவில்லை. அது அவளுடையது, அவளுக்கே இருக்கட்டும். இவர் ஹைம் காவலாளியிடம் ஒரு நல்ல பலகை கேட்டு வாங்கி, சீவி, தமிழிலும் ஜெர்மனிலும் தன் கையால் எழுதினார். சவக்காலைக்காரரிடம் அனுமதியும் கேட்டுக்கொண்டோம். ஜெர்மன் எழுத்தில் இரண்டு வரி எடுத்தது. "மாமா லேசில விடுற ஆளே?" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியதைப் பார்த்தேன், பார்க்காதது போல நின்றேன்.

களைப்பாகத்தான் இருக்கிறது ஐயா. அகதி வழக்கு இன்னும் முடியவில்லை, எங்களை இங்கே வைத்திருப்பார்களா, திருப்பி அனுப்புவார்களா தெரியாது. எங்கே இருந்தாலும் ஒன்று மட்டும் செய்வேன். வாணி எழுத்துக்கூட்டத் தொடங்கும் வருடம், எப்பாடு பட்டாவது அவளை இந்தப் பலகைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன். அவள் வெட்டாமல் கொத்தாமல் முழுசாக வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு, "இது ஆரம்மா?" என்று கேட்க வேண்டும். "உன்ர அக்கா. அம்மப்பா வைச்ச பேர்" என்று நான் சொல்வேன்.

உங்கள் பெயருக்கு எழும்பி வரும் மகள்,
சிவகாமசுந்தரிக்கும் வாணிக்கும் அம்மா.